பேரில்லாத பாத்தி

கோமதிநாயகம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டபோது சாமி வாழைத்தண்டுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எப்ப சாமி பேர் வைப்பிய?"

"தண்டு முத்திப்போச்சு," என்றார் சாமி. நாரை விரலில் சுற்றி ஓரமாக வைத்தார். "அவசரம் என்ன, அண்ணாச்சி?"

குரு சீடனை அண்ணாச்சி என்று கூப்பிடுவது வேறெங்காவது நடக்குமா தெரியாது. இலுப்பையடி மடத்தில் நடந்தது. சாமிக்கு நாற்பதுகூட நிறையவில்லை, கோமதிநாயகத்துக்கோ அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தென்காசிப் பக்கத்தில் அந்த வயதுக்காரரை வேறு எப்படிக் கூப்பிடுவது? முதல் நாள் தன்னை அறியாமல் வந்த சொல் அப்படியே நின்றுவிட்டது. சமையல்காரர் ஆவுடையப்பனுக்கு மட்டும் இதில் ஒரு சிரிப்பு உண்டு. தாடி நரைத்தவர் கும்பிடுகிறார், தாடி கறுத்தவர் அண்ணாச்சி என்கிறார், மடத்துக்கு வருகிறவன் யார் காலில் விழுவான் என்று கேட்பார்.

மடத்தில் காவி வாங்குகிறவருக்குப் புதுப் பேர் வைப்பார்கள். வெண்கலத் தட்டில் திருநீற்றைப் பரப்புவார்கள். பழைய பேரை அவரே அதில் விரலால் எழுத வேண்டும். குரு ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றுவார். அவ்வளவுதான் சடங்கு. அதற்குப் பிறகு பெற்ற தாயே வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும் அவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. உறவு, முறை, சீர், செய்முறை எல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

கோமதிநாயகத்துக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசிச் சங்கதிதான். காவி நிறத்தில் அவருக்கு அப்படி ஒன்றும் ஆசை கிடையாது.

"அவசரம் இருக்கு, சாமி," என்றார். பிறகு சொன்னார்.

அவருக்கு ஒரு தங்கை. அவள் பேரை நான் இப்போது சொல்லப்போவதில்லை, நேரம் வரும்போது அவரே சொல்லட்டும். அந்தத் தங்கை தன் இஷ்டத்துக்கு ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். பையன் ரயில்வேயில் வேலை, வேறு சாதி. கோமதிநாயகம் அப்போது ஊரில் அரிசி ஆலை வைத்திருந்த பெரிய மனுஷன். சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, அவள் பேரை இனி இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை, நடத்தியும் காட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பேர் அந்த வீட்டில் கேட்கவில்லை. அம்மா சாகக் கிடந்தபோது உதடு அசைந்தது. என்னம்மா வேணும் என்று இவர் குனிந்தார். அம்மா இவர் முகத்தைப் பார்த்தாள், உதட்டை மூடிக்கொண்டாள். அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மா யாரைக் கூப்பிட வந்தாள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவரால் தூங்க முடியவில்லை. மனைவி முன்பே போய்விட்டாள், பிள்ளை இல்லை. ஆலையை விற்றுவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது குற்றாலத்துச் சாரலுக்குக் குளிக்க வந்த ஊர்க்காரர் ஒருவர் வழியில் மடத்தில் இறங்கிச் சேதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். தங்கை குடும்பத்தோடு வடக்கேயிருந்து திரும்பி வந்துவிட்டாள். ஆவணியில் அவள் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் வந்து நின்றால்தான் பெண் மணையில் உட்காருவாள் என்று தங்கை ஒரே பிடியாக இருக்கிறாளாம்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போக?" என்றார் கோமதிநாயகம். "வெக்கமா இருக்கு, சாமி. அதுக்கு முன்னால எனக்குப் பேர் வச்சிருங்க. கோமதிநாயகம்னு ஒருத்தன் இல்லைன்னு ஆயிட்டா யாரும் தேட மாட்டாவ."

சாமி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "வாங்க," என்று சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார்.

கிணற்றடியில் ஒரு பாத்தி. அதில் விரல் நீளத்துக்குக் கீரை ஒன்று நெருக்கமாக எழுந்து நின்றது. தண்டு வெளுத்து மெலிந்திருந்தது. இலை பொடிசு, ஓரம் கிழிந்த மாதிரி இருக்கும். ராமேஸ்வரம் போகிற வழியில் காய்ச்சலாகப் படுத்துவிட்ட வடநாட்டு யாத்திரீகர் ஒருவர், குணமாகிப் போகும்போது தன் பையிலிருந்து சிவப்பாகச் சின்ன விதை கொஞ்சம் எடுத்து அங்கே தூவிவிட்டு, மீதியை ஆவுடையப்பனிடம் கொடுத்துப் போயிருந்தார். பேரும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆவுடையப்பன் அவர் தெருமுனை திரும்புவதற்குள் அதை மறந்துவிட்டார்.

கீரை மட்டும் மறக்காமல் முளைத்தது. விதைத்த மறுநாளே வெளியே வந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு நாளில் அறுக்கலாம். ஆனால் யாரும் சாப்பிட முடியவில்லை, மாடுதான் தின்றது.

அதற்குக் காரணம் மடத்து வழக்கம். மடத்தை உண்டாக்கிய பெரிய சாமிக்குக் கண் தெரியாது. இலையில் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பரிமாறுகிறவர் சொன்ன பிறகுதான் அவர் கையை நனைப்பார். அவர் சமாதியான பிறகும் அது நிற்கவில்லை. இன்றைக்கும் பந்தி தொடங்கும் முன் பரிமாறுகிறவர் விளக்குக்கு முன்னால் நின்று, இலையில் உள்ளதை ஒவ்வொன்றாகப் பேர் சொல்ல வேண்டும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களையும் பேர் சொல்ல வேண்டும். பேர் சொல்லாத பண்டம் இலைக்கு வராது. பேர் சொல்லாத ஆளுக்கும் சோறு கிடையாது. அந்த ஆடி மாதம் பேர் சொல்லுகிற முறை கோமதிநாயகத்துடையது.

"இதுக்கு ஒரு பேர் ஆகட்டும்," என்றார் சாமி. "ஆன அன்னைக்கே உங்களுக்கு வச்சிருதேன்."

இவ்வளவுதானா என்று கோமதிநாயகத்துக்கு மனசு லேசாகிவிட்டது. அன்று முழுக்க யோசித்து, மங்கலமாக இருக்கட்டும் என்று அமிர்தக்கீரை என்று வைத்தார். மறுநாள் விளக்குக்கு முன்னால் நின்று, சாதம், பருப்பு, வாழைத்தண்டுக் கூட்டு, அமிர்தக்கீரை என்று குரலை உயர்த்திச் சொன்னார். ஆவுடையப்பன் கீரையைப் பச்சையாகவே தேங்காய்ப்பூ போட்டுப் பிசறி வைத்திருந்தார்.

பந்தியில் ஒரு பஸ் கண்டக்டர் இருந்தார். அமிர்தம் என்று காதில் விழுந்ததும் ஒரு கை நிறைய எடுத்து வாயில் போட்டார். மென்றார். முகம் சிவந்தது, மூக்கு ஒழுகியது. செம்பிலிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, இதில் என்னத்தை அரைத்துக் கொட்டினீர்கள் என்று சண்டைக்கு வந்துவிட்டார். மிளகும் போடவில்லை, கடுகும் போடவில்லை என்று ஆவுடையப்பன் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று.

கோமதிநாயகம் கிணற்றடிக்குப் போய் ஒரு கிள்ளு பறித்து முகர்ந்து பார்த்தார். வாசனை இல்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், பரம சாதுவாக இருந்தது. வாயில் போட்டுக் கடித்த பிறகுதான் சுருக்கென்று ஏறியது.

"நீங்க வச்ச பேர் அதுக்குக் காதுல விழலை போல," என்றார் சாமி.

கோமதிநாயகம் லேசில் விடுகிறவர் இல்லை. ஆலை நடத்தியவர் அல்லவா. இரண்டொரு நாள் கழித்துக் கீரையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வேகவைத்து, பிழிந்து, மறுபடி வேகவைத்துக் கொண்டுவந்தார். இப்போது காரம் துளியும் இல்லை. பந்திக்கு முன்னால் ஒரு வாய் சாமிக்குக் கொடுத்தார்.

சாமி நிதானமாக மென்றார். "இது என்னது?"

"அமிர்தக்கீரை."

"பாத்தியில இருந்ததை எங்க?"

"அதுதான் சாமி இது."

"இல்லையே," என்றார் சாமி. "அதைக் காணோமே."

கோமதிநாயகம் சட்டியை எடுத்துப் போய் மாட்டுத் தொட்டியில் கொட்டினார். மாடும் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. மிளகுக்கீரை என்று வைத்துத் தொலைப்போமே என்று ஆவுடையப்பன் ஒரு யோசனை சொன்னார். அந்தப் பேரைக் கேட்டால் யார் கை வைப்பார்கள் என்று இவர் எரிந்து விழுந்தார். ஆடி ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் பாத்தி ஓரமாய் உட்கார்ந்து பேர் தேடினார். தேடத் தேட வேறொரு பேர்தான் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு எழுந்து போவார்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள், பந்திக்குக் கொஞ்சம் முன்னால், அவர் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். கிணற்றடியில் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஆளிவிரைக் கீரையைப் போயி யாராவது மாட்டுக்கு அறுப்பாவளா?"

கூடை கையிலிருந்து நழுவியது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, மற்றபடி அதே குரல்தான். கோமதிநாயகம் தொழுவத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். அறுபது வயது ஆள், மாட்டுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்.

இது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஆவுடையப்பன் ஆச்சரியமாகக் கேட்பது காதில் விழுந்தது. தெரியாமல் என்ன என்றாள் அவள். நாட்டு மருந்துக் கடையில் விதை கிடைக்கும், சில கடையில் அதே பேரில் வேறு விதையையும் கட்டிக் கொடுத்துவிடுவார்கள், இது சிவப்பாக, பொடிசாக இருக்கும், தண்ணீரில் போட்டால் வழவழவென்று ஆகிவிடும் என்றாள். வடக்கே ஹலீம் என்பார்களாம். அதைக் கேட்டதும், அதேதான், யாத்திரீகர் அதைத்தான் சொன்னார் என்று ஆவுடையப்பன் தொடையைத் தட்டிக்கொண்டார்.

"எனக்கு மக பிறந்தப்ப இதைக் கொடுத்துத்தான் தேத்தினாவ," என்றாள் அவள். "மொதப் பிரசவம். ஆத்தா வீட்டுக்குப் போக எனக்கு வழியில்லை. பக்கத்து வீட்டு அம்மா, பாஷை தெரியாதவ, இந்த விதையைப் பால்ல போட்டுக் காய்ச்சி, வெல்லம் போட்டு, தினம் கொண்டாந்து நிப்பா. நான் குடிக்கிற வரைக்கும் போக மாட்டா."

அவள் குறை சொல்லுகிற தோரணையில் சொல்லவில்லை. கீரையைப் பற்றிக் கேட்டதற்குக் கீரையைப் பற்றிச் சொன்னாள். கோமதிநாயகம் கீழே கிடந்த கூடையையே பார்த்தார். முதல் பிரசவம் பார்க்க வேண்டிய வீடு அவருடைய வீடு. அந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"எங்க அண்ணனை."

ஆவுடையப்பன் தொழுவத்துப் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அதற்குள் சாமியின் குரல் வந்தது. "நேரமாச்சு. மொதல்ல இலையைப் போடுங்க. அந்தக் கீரையையும் அலசி வையுங்க."

பந்தியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி இலையில் அவள். தலையில் பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் மஞ்சள் துணியால் மூடிய தாம்பாளம் இருந்தது. கோமதிநாயகம் கை கால் கழுவிக்கொண்டு விளக்குக்கு முன்னால் வந்து நின்றார். பேர் சொல்லுகிறவர் வராமல் பந்தி நடக்காது, வராமல் இருக்க முடியாது. அவர் அந்தக் கடைசி இலையைப் பார்க்கவில்லை. அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதம்," என்றார். "புளிக்குழம்பு. பூசணிக்காய்ப் பொரியல்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆளிவிரைக் கீரை."

ஆவுடையப்பன் சந்தோஷமாக இலைக்கு இலை கீரையை வைத்துக்கொண்டு போனார்.

"புதுசா வந்தவுக," என்றார் சாமி.

கோமதிநாயகம் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டார். "வெளியூர் அம்மா ஒருத்தி," என்றார்.

"அது பேர் இல்லையே, அண்ணாச்சி."

பந்தி காத்திருந்தது. குழம்பு ஊற்றிய சாதம் ஆறிக்கொண்டிருந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவள் இலைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"உலகம்மை," என்றார் கோமதிநாயகம்.

சத்தம் அவருக்கே கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை சொன்னார். "உலகம்மை. என் தங்கச்சி."

அவர் அழுதார். மறைக்கவும் தோன்றவில்லை. பந்தியில் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக்கொண்டார்கள். உலகம்மை கீரையைத் தொட்டுச் சோற்றில் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தாள். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. காரமான கீரை, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சாப்பாடு முடிந்த பிறகு அவள் தாம்பாளத்தைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு தேங்காய். "மெலிஞ்சு போயிட்டிய," என்றாள். ஆவணி பிறந்து இரண்டாவது வாரத்தில் கல்யாணம் என்றாள். வாருங்கள் என்றோ, வராவிட்டால் என்றோ ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

கோமதிநாயகம் தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அழுது தீர்த்த பிறகு பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. இங்கே பத்துப் பேருக்கு முன்னால் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாயிற்று. கல்யாணத்தில் ஊரே இருக்கும். அன்றைக்குக் கூட்டி வைத்த சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

கிணற்றடியில் நின்றிருந்த சாமியிடம் போனார். "கீரைக்குப் பேர் ஆயிருச்சு, சாமி."

"ஆயிருச்சு."

"அப்ப எனக்கு வையுங்க. என்னால அங்க போயி நிக்க முடியாது."

"சொன்னது சொன்னதுதான்," என்றார் சாமி.

உள்ளே போய்த் தட்டை எடுத்துவந்து, கிணற்று மேடையில் வைத்துத் திருநீற்றைப் பரப்பினார். ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க."

கோமதிநாயகம் குனிந்து விரலால் எழுதினார். எழுதி முடித்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சாமி செம்பைக் கையில் எடுத்தார்.

"அண்ணே," என்று வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

கோமதிநாயகம் திரும்பிவிட்டார்.

பஸ்ஸுக்குக் கிளம்பிய உலகம்மை திரும்பி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முகூர்த்தம் வெள்ளன வச்சிருக்கு. முந்தின நாளே வந்திரணும், என்ன?"

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் ஆட்டியது தெரிந்தது. அவள் போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, திடுக்கிட்டுத் தட்டுப் பக்கம் திரும்பினார்.

திருநீறு நனையவில்லை. எழுதிய பேர் எழுதிய மாதிரியே இருந்தது. செம்பு காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. சாமி பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, ஆவுடையப்பனிடம் மிச்சமிருந்த சிவப்பு விதையை ஈர மண்ணில் தூவிக்கொண்டிருந்தார்.

"தண்ணி எங்க, சாமி?"

"இதுக்கு ஊத்திட்டேன்," என்றார் சாமி. "பத்துப் பன்னெண்டு நாள்ல அறுத்திரலாம். கல்யாணத்துக்குக் கைய வீசிக்கிட்டா போவிய, அண்ணாச்சி?"